ஆடி முடியட்டும்

அந்த ஆளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. பெயர் சொல்லி எழுதுகிற அளவுக்கு ஒரு மரியாதையை அவருக்குத் தர எனக்கு இன்னும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். தர்மபுரி மாவட்டத்தில், மாரண்டஹள்ளிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே அவர் ஸ்டோர்கீப்பர். மருந்து, பஞ்சு, போர்வை, பினாயில், கட்டில் என்று எல்லாவற்றின் சாவியும் அவரிடம்தான் இருக்கும். எல்லோரும் ஸ்டோர்காரர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீட்டுக்காரருக்கு மாரண்டஹள்ளிக் காய்கறி மண்டியில் தக்காளிக் கூடை ஏற்றுகிற வேலை. கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை. ஏழு மாதம் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. ஆடிப் பதினெட்டு அன்று காலையில், குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தபோது பனிக்குடம் உடைந்துவிட்டது. குடத்துத் தண்ணீர்தான் சிந்திவிட்டது என்று முதலில் நினைத்தேன்.

அன்றைக்கு ஊர்ப்பட்ட சனமும் ஒகேனக்கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் புதுப்புடவை கட்டிய பெண்களுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலோடு தண்ணீர் வடிவதைப் பார்த்து ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலும் பாதிப்பேர் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்களை வைத்து மத்தியானத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். ஒன்றேகால் கிலோ. அழுதாள். சத்தமாக அழவில்லை, ஆனால் அழுதாள். அதை நான் என் காதால் கேட்டேன்.

கதவுக்கு மேலே ‘வார்ம் ரூம்’ என்று எழுதிய பலகை தொங்கிய ஓர் அறைக்கு அவளைக் கொண்டுபோனார்கள். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைகளுக்குத் தீவிர சிகிச்சை என்றால் அந்த ஓர் அறைதான். உள்ளே ஒரு பழைய மரப்பெட்டி, மேலே கண்ணாடி மூடி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குண்டு பல்புகள். அதில் ஒன்று எரியாது. பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்தது. அதன் தலைமாட்டில் என் மகளின் கால் இருக்கும்படி மாற்றிப் படுக்க வைத்தார்கள். மண்டியில் தக்காளிகூட அப்படி அடுக்க மாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த அறையின் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அந்த ஓட்டையில் ஒரு பழைய எக்ஸ்ரே பிலிமை வைத்து பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். யாருடைய விலா எலும்போ தெரியவில்லை, காற்றில் நாளெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். காற்று பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும். கரண்ட் போனால் இருக்கிற ஒரு பல்பும் அணைந்துவிடும். அப்போது குளுக்கோஸ் பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துணி சுற்றி, பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் வைப்பார் சிஸ்டர். அந்த வெந்நீரை நான்தான் அடுப்படியிலிருந்து பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு வருவேன். பிரசவித்த மறுநாளே தூக்கினேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை, தூக்காதே என்றும் சொல்லவில்லை.

எனக்கு அறைக்குள் போக அனுமதி இல்லை. வெந்நீரைப் பின்வாசலில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து, கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பாலைப் பீய்ச்சி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கொடுப்பேன், சிஸ்டர் அதை மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயில் சொட்டுச் சொட்டாக விடுவார். ‘என் நெஞ்சோட வெச்சுக்கறனே சிஸ்டர், சூடு இருக்குமே’ என்று கேட்டேன். கிருமி ஒட்டிக்கொள்ளும் என்றார். பல வருடங்களுக்குப் பிறகு, குறைமாதப் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைப்பதைப்போல நல்ல வைத்தியம் இல்லை என்று ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். கூட வந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

சிஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். எனக்கு ஆத்திரமெல்லாம் அந்த அறையின் மூலையில் இருந்த இன்னொரு பெட்டியைப் பற்றித்தான்.

அந்த அறைக்குள்ளேயே கண்ணாடித் தடுப்பு போட்டு ஒரு சின்ன அறை இருந்தது. பூட்டியிருக்கும். அதற்குள் ஒரு புது இன்குபேட்டர் நின்றது. பூப்போட்ட போர்வையைப் போர்த்தி வைத்திருந்தார்கள். போர்வைக்குக் கீழே தெரிந்த வெள்ளைக் கால்களில் சக்கரம் இருந்தது. பக்கவாட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஓர் எலுமிச்சம்பழம். ஏதோ ஒரு சங்கத்தார் ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாகக் கொடுத்ததாம். ஆடி பிறந்த அன்றைக்கு வந்து இறங்கியதாம். கம்பெனி ஆள் வந்து ஓட்டியும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அன்று முதல் அது போர்வைக்குள் இருந்தது. தினமும் காலையில் ஸ்டோர்காரர் வந்து, பூட்டைத் திறந்து, தூசி தட்டி, எலுமிச்சம்பழம் வாடியிருந்தால் மாற்றி, பூட்டிக்கொண்டு போவார். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்காக அலங்கரித்த பிள்ளையைப் போல அதைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் அவரை வராந்தாவில் மறித்துக் கேட்டேன்.

“ஏனுங்க ஐயா, அந்தப் பொட்டி வேல செய்யாதுங்களா?”

“ஏன் செய்யாது? புத்தம் புதுசு.”

“அப்ப எம் புள்ளைய அதுல வெக்கலாமுங்களே.”

“ஆடி முடியட்டும்மா. ஆவணி மொத முகூர்த்தத்துல சங்கத்துப் பெரியவரு வந்து தொறந்து வெக்கறாரு. நாள் பாத்துக் குடுத்ததே நாந்தான். ஆடியில யாராச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா?”

“எம் புள்ளைக்கு ஆடின்னு தெரியாதுங்களே. ஆடியிலயே பொறந்துட்டாளுங்களே.”

சிரித்தார். “நல்லாப் பேசறே” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் போல இல்லை. நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பேனா, சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்கிற கை. கெட்டவராக இருந்திருந்தால் அப்போதே சண்டை போட்டிருப்பேன். நல்லவர் போலப் பேசினதால் நானும் கெஞ்சிக்கொண்டே இருந்துவிட்டேன். என் மேலேயே எனக்கு இருக்கிற கோபங்களில் அதுவும் ஒன்று.

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். எங்களுக்கு ஆடியும் ஒன்று ஆவணியும் ஒன்று என்று கோவிலில் சாமியார் சொல்வார். ஆனாலும் எங்கள் ஜனங்களில் ஆடியில் கல்யாணம் வைத்தவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் அவர் சொன்னதில் ஏதோ நியாயம் இருப்பதாகக்கூட அன்றைக்கு எனக்குத் தோன்றியது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், தோன்றியது.

நான்காம் நாள் காலையில் அவள் கால் சில்லென்று ஆகிவிட்டது என்று சிஸ்டர் சொன்னார். கரண்ட் விடிந்ததிலிருந்தே இல்லை. பாட்டிலில் வெந்நீர் மாற்றி மாற்றி வைத்தோம். பக்கத்தில் படுத்திருந்த பிள்ளை முந்தின நாளே இறந்துபோயிருந்தது. சின்ன டாக்டரம்மா வந்து பார்த்தார். அந்த வருடம்தான் வேலைக்கு வந்தவர், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். எதிர்க்கட்டடத்துக்கு ஜெனரேட்டர் உண்டு, அதிலிருந்து வயர் இழுத்தால் புதுப்பெட்டியை ஓட்டலாம் என்றார். ஒரு சீட்டில் என்னவோ எழுதி, சிஸ்டரிடம் கொடுத்து, ஸ்டோருக்கு அனுப்பினார்.

நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். கையில் ஜெபமாலை இல்லை. விரலை மடக்கி எண்ணினேன். பத்து விரல், பத்து மந்திரம். பத்தாவது முடியும்போது சிஸ்டர் திரும்பி வந்தார். சீட்டு அவர் கையிலேயே இருந்தது.

“என்ன சிஸ்டர் சொன்னாரு?”

அவர் உள்ளே போகப் பார்த்தார். நான் விடவில்லை.

“இன்னும் பத்து நாளுதானாம். அதுக்கு முன்ன தொட்டு, அந்தப் பொட்டியில மொத மொதல்ல ஒரு சாவு வுழுந்துட்டா, அப்புறம் எவ தம் புள்ளைய அதுல வெப்பான்னு கேக்கறாரும்மா.”

டாக்டரம்மா பெரிய டாக்டரைத் தேடிக்கொண்டு ஓடினார். அவர் ஊரில் இல்லை. பூட்டை உடைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அரசாங்கப் பூட்டு. ஒரு கல்லை எடுத்து நாலு தட்டு தட்டியிருந்தால் கழன்று விழுந்திருக்கும். பின்னாளில் எந்தப் பூட்டைப் பார்த்தாலும் எத்தனை தட்டில் கழலும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

அவள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். என் சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருக்கும் கை. மேலே தூக்கி, எதையோ பிடிக்கப் பார்ப்பது போல மூடித் திறப்பாள். ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் சிஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார், இனிமேல் கிருமி ஒட்டினால் என்ன என்று நினைத்தாரோ என்னவோ. சிஸ்டரும் எங்கள் வேதம்தான். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவள் நெற்றியில் பிழிந்து ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது எனக்கு மட்டும்.

மத்தியானத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. அவளை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில்தான் வந்தோம். கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளைப் புதைக்கிற மூலையில் வைத்தோம். பார்க்க வந்த பெண்கள், ‘பொட்டப்புள்ளதான, மனச வுடாத’ என்று சொன்னார்கள். ஒருத்தி அல்ல, நாலு பேர். அந்த நாலு பேரின் முகமும் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் போனதில்லை.

பால் மட்டும் நிற்கவில்லை. பிள்ளை இல்லை என்று அதற்கு யார் சொல்வது. மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று மாமியார் முழம் முழமாக வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினார். நாள் முழுக்க மல்லிகை வாசத்தோடு படுத்துக் கிடந்தேன். இன்றைக்கும் மல்லிகைப் பூவை நான் தலையில் வைப்பதில்லை. வீட்டுக்காரர் ஒரு வாரம் மண்டிக்குப் போகவில்லை. பிறகு போனார். ‘வுடு, போனது போச்சு’ என்றார். அவருக்குப் போய்விட்டது. எனக்குப் போகவில்லை.

எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. என் மகள் குளிரில் செத்தாள், பக்கத்தில் சூடு தருகிற பெட்டி பூட்டிக் கிடந்தது. இதை அந்த ஆள் தன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் ‘குறைமாதம்’ என்று ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தது. ஏதோ அவளே அவசரப்பட்டு வந்து, அவளே போய்விட்டது மாதிரி.

சொல்லாவிட்டால் மண்ணை வாரித் தூற்றுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் வயிறெரிந்தவர்கள் செய்வது அது. வேதக்காரர்கள் செய்யக்கூடாது என்பார்கள். செய்யக்கூடாததையெல்லாம் செய்யாமல் இருந்துதான் பிள்ளையைப் பறிகொடுத்தேன். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவள் மேட்டிலிருந்து ஒரு கை மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மாத்திரை வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். மல்லிகை மாலை மலையாகக் குவிந்திருந்தது. மேளம், பட்டாசு, ஸ்பீக்கர். ஸ்டோர்காரர் பட்டுக்கரை வேட்டியில் இருந்தார். அவருடைய மகள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். சிஸ்டர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, கையில் ரோஜாப்பூவைக் கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மாவும் வரிசையில் நின்றார். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வார்ம் ரூமின் முன்வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. நான் வெந்நீர் தூக்கிய பின்வாசல் வழியாகப் போனேன். அதற்கு ரிப்பன் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. அறைக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். மரப்பெட்டியைக் காணோம். எக்ஸ்ரே பிலிமைப் பிய்த்துவிட்டார்கள், ஆனால் கண்ணாடி போட நேரமில்லை போல, ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. நடுவில் புதுப்பெட்டி. போர்வை இல்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெட்டிக்குள் ஒரு பிள்ளை இருந்தது.

மூன்று நான்கு மாதம் இருக்கும். கொழுகொழுவென்று, கையில் கருப்பு வளையல், இடுப்பில் வெள்ளி அரைஞாண். திறப்பு விழாப் படத்துக்குப் பிள்ளை இல்லாத பெட்டி நன்றாக இருக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வார்டில் இருந்த பிள்ளைகளெல்லாம் மூக்கில் குழாயோடு எலும்பாகக் கிடந்தார்கள். அதனால் ஸ்டோர்காரர் தம் மகள் வயிற்றுப் பேரனையே கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார். இதையெல்லாம் பிறகு சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த நெற்றியையும் மூக்கையும் பார்த்த உடனே யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பெரியவர் கார் வந்துவிட்டது என்று வெளியே சரவெடி வெடித்தார்கள். காவலுக்கு நின்ற ஆயாம்மாவும் வேடிக்கை பார்க்க ஓடினாள். அறையில் நானும் அந்தப் பிள்ளையும்தான்.

சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டது. அழுதது. பெட்டி மூடியிருந்ததால் சத்தம் வெளியே வரவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. அப்புறம்தான் கவனித்தேன், பிள்ளை குங்குமமாகச் சிவந்திருந்தது. தலைமுடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஓடுகிறது என்று காட்டுவதற்காக யாரோ சூட்டைக் கூட்டுகிற திருகைக் கடைசிவரை திருகி வைத்திருக்கிறார்கள். ஒன்றேகால் கிலோப் பிள்ளைக்குச் செய்த பெட்டியில் ஆறு கிலோப் பிள்ளை வெந்துகொண்டிருந்தது.

நான் நின்றேன்.

பதறிப்போய் நிற்கவில்லை. தெரிந்தே நின்றேன். என் மகள் குளிரில் கிடந்தபோது சாவிக்காகக் காத்திருந்தேன் அல்லவா, அந்த அளவு நேரம் இதுவும் கிடக்கட்டும் என்று நின்றேன். அன்றைக்குப் போலவே விரலை மடக்கி, அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன். அந்தப் பிள்ளைக்காக அல்ல. அளப்பதற்கு என்னிடம் வேறு அளவுகோல் இல்லை. ஒன்று, இரண்டு. வெளியே மேளம் அடித்தது. ஐந்து, ஆறு. பிள்ளை கையால் கண்ணாடியை அடித்தது. ஒன்பது. பத்து. பத்து முடிந்தும் நான் நகரவில்லை. பதினொன்றை ஆரம்பித்தேன்.

அப்போது அந்தக் கை அடிப்பதை நிறுத்தியது. மேலே தூக்கி, ஒருமுறை மூடித் திறந்து, கீழே விழுந்தது.

அதை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாகிவிட்டது. இரண்டாம் முறை பார்க்க என்னால் முடியவில்லை. இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் மேல் எனக்கு ஓர் இரக்கமும் இல்லை. அந்தக் கை என் மகளுடைய கை மாதிரி செய்துவிட்டது, அவ்வளவுதான்.

பெட்டியின் கதவைத் திறந்து பிள்ளையை எடுத்தேன். அடுப்பில் இருந்து எடுத்தது போல இருந்தது. ஓட்டை ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, பூச்சாடியில் இருந்த தண்ணீரைத் தொட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் தடவினேன். காற்று பட்டதும் பிள்ளை மூச்சை இழுத்து வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் எனக்குப் பால் சுரந்துவிட்டது. ரவிக்கை நனைந்தது. பிள்ளை மோப்பம் பிடித்து முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடியது. நான் கொடுக்கவில்லை. அது அவளுடைய பால்.

ரிப்பனை வெட்டுவதற்கு முன்னாலேயே அழுகைச் சத்தம் அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. முதலில் ஓடி வந்தவர் ஸ்டோர்காரர். பின்னால் அவர் மகள், சிஸ்டர், டாக்டரம்மா, மாலை போட்ட பெரியவர், போட்டோக்காரர். டாக்டரம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐயையோ, எவ்வளவு வெச்சிருக்கீங்க, இன்னுங் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா அவ்வளவுதான்” என்றார். ஸ்டோர்காரருக்கு முகத்தில் ரத்தமில்லை. என்னை யாரென்று அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“எம் பேரனக் குடும்மா.”

“குடுக்கறேனுங்க. அன்னைக்கு இந்தப் பொட்டியக் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு இவங்ககிட்டச் சொல்லிட்டு வாங்கிக்கங்க.”

மரியாதை குறையாமல்தான் கேட்டேன். பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு கேட்டேன். அவர் மகள் என் காலருகில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

“ஆடி முடியட்டும்னு சொன்னேன்” என்றார்.

“சத்தமாச் சொல்லுங்க, பெரியவருக்குக் கேக்கோணும்.”

“ஆடி முடியட்டும்னு சொன்னேன்.”

“அன்னைக்குப் பொட்டி வேல செஞ்சுதுங்களா?”

“செஞ்சுது.”

“சாவி யாருகிட்ட இருந்துது?”

“எங்கிட்டத்தான் இருந்துது.”

“எம் புள்ள எதுல செத்தா?”

அவர் பேரனைப் பார்த்தார். “குளுருல” என்றார். பிறகு அழுதார். அவர் அழுதது எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை, பசித்த வயிற்றில் சோறு இறங்கியது போல இருந்தது.

பிள்ளையை அவர் மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். அவர் மேல் தூற்றத்தான் கொண்டுவந்தேன். ஆனால் கை பெட்டிப் பக்கம் போயிற்று. வெள்ளை வெளேரென்று விரித்திருந்த துணியின் நடுவில், ஒரு பிள்ளை படுக்கிற இடத்தில், அந்த மண்ணை வைத்தேன். அவளும் ஒரு கை அளவுதான் இருந்தாள்.

“மொதல்ல சாவு வுழுந்துடுமோன்னு பயந்தீங்களே. மொதல்ல இவ படுக்கட்டுங்க. அப்புறம் யாரு புள்ளைய வேணும்னாலும் வெச்சுக்கங்க.”

பெரியவர் ‘ரொம்ப வருத்தமா இருக்கும்மா’ என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார். நான் பின்வாசல் வழியாகவே வெளியே வந்தேன். துணியை மாற்றிவிட்டு, ரிப்பனை வெட்டி, விழாவை நடத்தித்தான் முடித்தார்களாம். மண்ணை சிஸ்டர் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வைத்திருந்து, பிறகு ஒரு நாள் எங்கள் கோவிலுக்கு வந்தபோது என்னிடம் கொடுத்தார். ஸ்டோர்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் மாலை மரியாதையோடு ரிட்டையர் ஆனார்.

ரிட்டையர் ஆன பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஆப்பிளும் ஆரஞ்சும். நடை பழகிய பேரன் கூட வந்தான். என் வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

“அன்னைக்கு மட்டும் நீங்க பாத்த ஒடனே ஓடிப்போயி எடுக்கலைன்னா இவன் இல்லீங்க. நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு நீங்க எனக்குச் செஞ்சது சாமிதாங்க” என்று சொல்லி, பேரனை என் காலில் விழச் சொன்னார்.

பிள்ளை விழுந்தான். நான் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினேன். பார்த்த உடனே ஓடவில்லை என்று சொல்லவில்லை. பத்து முடித்துப் பதினொன்று ஆரம்பித்தேன் என்று சொல்லவில்லை. அவர் செய்ததை நாலு பேர் முன்னால் சொல்ல வைத்த நான், நான் செய்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை. சாகும்வரை அவர் என்னைச் சாமி என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

வருடத்துக்கு இரண்டு முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். பொய் சொன்னது, மருமகளைத் திட்டியது, ஞாயிறு பூசைக்குப் போகாதது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அந்தப் பத்து மந்திர நேரத்தை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் கையைத் தூக்கி மன்னித்துவிடுவார். அப்புறம் என் மகளுக்காக நான் செய்தது என்று என்னிடம் ஒன்றுமே இருக்காது.